பட்டினி கிடந்தால் முயலும் மாமிச உண்ணிதான்: கொழுப்பின் பாதையைக் கண்டுபிடித்த கிளாட் பெர்னார்டின் கதை

1846-ம் ஆண்டு, பாரிஸ். ஆய்வுக்கூடம் என்றதும் பளபளக்கும் கண்ணாடிக் குழாய்களும் வெள்ளைக் கோட்டும் நினைவுக்கு வரலாம். அங்கே அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. வெளிச்சம் குறைவான, ஓதம் ஏறிய ஓர் அறை. சந்தையில் வாங்கிவந்த சில முயல்களை மேஜை மேல் விட்டார்கள். அவை மேஜையிலேயே சிறுநீர் கழித்துவிட்டன.

வேறு யாராவதாக இருந்தால் துணியால் துடைத்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். ஆனால், அங்கே இருந்த கிளாட் பெர்னார்ட் குனிந்து பார்த்தார். சிறுநீர் தெளிவாக இருந்தது. சோதித்துப் பார்த்தால் அமிலத்தன்மை.

இதில் என்ன அதிசயம்? இலை தழை தின்னும் விலங்குகளின் சிறுநீர் பொதுவாகக் கலங்கலாக, காரத்தன்மையோடு இருக்கும். தெளிவாக, அமிலமாக இருப்பது இறைச்சி தின்னும் விலங்குகளுக்குத்தான். புல்லைத் தவிர வேறெதுவும் தெரியாத முயலுக்கு, நாயின் சிறுநீர் எப்படி வந்தது?

இந்தச் சின்னக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே போன பெர்னார்ட், நாம் சாப்பிடும் எண்ணெயும் நெய்யும் உடலுக்குள் எங்கே, எதனால் உடைகின்றன என்ற பெரிய கேள்விக்கு விடை கண்டார். இன்டர்மிட்டென்ட் ஃபாஸ்டிங், கீட்டோ டயட் என்று இன்றைக்கு நாம் பேசுகிற பல விஷயங்களின் வேர் அந்த மேஜையில்தான் இருக்கிறது. அந்த விடைக்காக அவரும், அவர் குடும்பமும், பெயர் தெரியாத ஏராளமான விலங்குகளும் கொடுத்த விலையும் கொஞ்சநஞ்சமல்ல.

நாடகம் எழுத வந்தவர்

1813 ஜூலை 12-ம் தேதி, பிரான்ஸின் போஜொலே பகுதியில் இருக்கும் செயின்ட்-ஜூலியன் என்ற கிராமத்தில் பெர்னார்ட் பிறந்தார். திராட்சைக்கும் ஒயினுக்கும் பேர்போன ஊர். அப்பாவுக்கும் திராட்சைத் தோட்ட வேலைதான். வசதியான குடும்பம் இல்லை.

பதின்ம வயதின் முடிவில், லியோன் நகரத்தின் ஓரத்தில் ஒரு மருந்துக்கடையில் உதவியாளராகச் சேர்ந்தார். அங்கே 'தெரியாக்' என்றொரு மருந்து இருந்தது. எந்த நோய்க்கும் கேட்கும் என்று மக்கள் நம்பி வாங்கிய சர்வரோக நிவாரணி. கடையில் கெட்டுப்போன மருந்து, மிஞ்சிப்போன மருந்து எல்லாம் அந்தப் பானைக்குள்தான் போகும். எதில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே நோயாளிக்குக் கொடுக்கும் இந்த வைத்தியத்தின் மேல் இளைஞனுக்கு அப்போதே நம்பிக்கை போய்விட்டது.

அவருடைய கனவும் மருத்துவம் இல்லை, நாடகம்தான். ஒரு சின்ன நகைச்சுவை நாடகம் எழுதினார், அதற்கு ஓரளவு வரவேற்பும் கிடைத்தது. அந்தத் தெம்பில் ஐந்து அங்கம் கொண்ட ஒரு சோக நாடகத்தை எழுதி, அதைத் தூக்கிக்கொண்டு பாரிஸுக்கு வந்தார். அங்கே புகழ்பெற்ற விமர்சகர் சேன்-மார்க் ஜிரார்தேனிடம் அதைக் காட்டினார். அவர் படித்துவிட்டு, பிழைப்புக்கு வேறு தொழில் பார்த்துக்கொள்ளுங்கள், மருந்துக்கடை அனுபவம்தான் இருக்கிறதே, மருத்துவம் படிக்கலாமே என்று யோசனை சொன்னார்.

1834-ல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார் பெர்னார்ட். படிப்பிலும் பெரிய சூரர் இல்லை. 1839-ல் மருத்துவமனைப் பயிற்சிக்கான தேர்வில் தேறிய 29 பேரில் அவருக்கு 26-வது இடம். ஆனால், அறுவைக் கத்தியைப் பிடித்தால் அவர் கையில் ஒரு நிதானம் இருந்தது. காலேஜ் தெ பிரான்ஸ் என்ற புகழ்பெற்ற நிறுவனத்தில் உடலியங்கியல் கற்பித்துவந்த பிரான்சுவா மஜாந்தி அதைக் கவனித்தார். 1841-ல் அவரைத் தன் ஆய்வு உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார்.

மஜாந்தி, சோதனை செய்து பார்க்காமல் எதையும் நம்பாதவர். அந்தக் குணம் சீடருக்கும் ஒட்டிக்கொண்டது.

கைகொடுத்த சீதனம்

1843-ல் டாக்டர் பட்டம் கிடைத்தது. அடுத்த ஆண்டு பேராசிரியர் பணிக்கான தகுதித்தேர்வில் தோல்வி. கையில் காசு இல்லை. ஆராய்ச்சியை மூட்டை கட்டிவிட்டு, சொந்த ஊரில் சாதாரண டாக்டராகப் போய் உட்கார்ந்துவிடலாமா என்ற யோசனையும் வந்தது.

அப்போது சக ஆய்வாளர் ஒருவர் முன்னின்று ஒரு கல்யாணத்தைப் பேசி முடித்தார். பெண் ஃபேனி மார்ட்டின், பாரிஸ் மருத்துவர் ஒருவரின் மகள். 1845-ல் திருமணம் நடந்தது. ஃபேனி கொண்டுவந்த சீதனம்தான் பெர்னார்டை ஆராய்ச்சியில் நிலைக்க வைத்தது. அடுத்த ஆண்டு அந்த முயல்கள் மேஜைக்கு வந்தபோது, அந்த ஆய்வு வாழ்க்கையைத் தாங்கிப்பிடித்தது ஃபேனியின் பணம். இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. கதை பின்னால் இங்கேயே திரும்பி வரும்.

முயல் சொன்ன முதல் பாடம்

சரி, முயல் விஷயத்துக்கு வருவோம். பெர்னார்டுக்கு ஒரு சந்தேகம் தோன்றியது. சந்தையிலிருந்து வந்த இந்த முயல்களுக்கு ரொம்ப நேரமாக யாரும் தீனி போட்டிருக்க மாட்டார்கள். வெளியிலிருந்து உணவு வராதபோது அவை எதை வைத்து உயிர் வாழ்கின்றன? தங்கள் சொந்த உடலைத்தான்! அப்படிப் பார்த்தால், பட்டினி கிடக்கும் முயல் தன்னையே தின்னும் ஒரு மாமிச உண்ணி.

யோசனை நன்றாக இருந்தால் மட்டும் போதுமா? சோதித்துப் பார்த்தார். முயல்களுக்குப் புல் போட்டார். சில மணி நேரத்தில் சிறுநீர் கலங்கலாக, காரமாக மாறியது. ஒன்றரை நாள் வரை பட்டினி போட்டார். மறுபடியும் தெளிவு, மறுபடியும் அமிலம். திரும்பத் திரும்பச் செய்தார், ஒவ்வொரு முறையும் அதே முடிவு. குதிரையிலும் பார்த்தார், அங்கேயும் அதேதான்.

அதோடு விடவில்லை. முயல்களுக்கு வேகவைத்த மாட்டிறைச்சியைக் கொடுத்துப் பார்த்தார். இறைச்சி தின்ற வரைக்கும் முயலின் சிறுநீர் தெளிவாக, அமிலமாகவே இருந்தது. ஆக, வெளியிலிருந்து வந்த இறைச்சியாக இருந்தாலும், சொந்த உடலாக இருந்தாலும் சிறுநீரில் தெரிந்த அடையாளம் ஒன்றே.

பட்டினி என்றால் உடல் சும்மா இருக்கிறது என்று அர்த்தமில்லை. அது உள்ளே சேர்த்துவைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. இன்றைக்கு 16 மணி நேரம் சாப்பிடாமல் இருப்பவர்கள் நம்பியிருப்பதும் இதே விஷயத்தைத்தான்.

வெள்ளை நாளங்கள் எங்கே தொடங்கின?

இறைச்சி முயலுக்கு எப்படிச் செரித்தது என்று பார்க்க, பெர்னார்ட் அந்த முயல்களை அறுத்துப் பார்த்தார். அங்கேதான் இரண்டாவது எதிர்பாராத விஷயம் கண்ணில் பட்டது.

கொழுப்புள்ள உணவைச் சாப்பிட்ட விலங்கின் குடலைச் சுற்றி, பால் ஓடுவது போல வெள்ளை வெளேரென்று மெல்லிய நாளங்கள் தெரியும். இத்தாலிய மருத்துவர் காஸ்பரே அசெல்லி 1622-ல் ஒரு நாயிடம் முதன்முதலில் இவற்றைக் கவனித்திருந்தார். செரித்த கொழுப்பைக் குடலிலிருந்து உறிஞ்சி எடுத்துச் செல்லும் நிணநீர் நாளங்கள் இவை. நாயின் உடலில் இந்த வெண்மை, இரைப்பை முடிந்து சிறுகுடல் தொடங்கியதுமே தெரியும். முயலில் அப்படி இல்லை. இரைப்பையைத் தாண்டி சுமார் 30 செ.மீ. கீழே போன பிறகுதான் வெள்ளை நிறமே தொடங்கியது.

ஏன் இந்த வித்தியாசம்? பெர்னார்ட் குடலை இன்னும் உற்றுப் பார்த்தார். வயிற்றுக்குப் பின்னால் இருக்கும் கணையம், ஒரு குழாய் வழியாகத் தன் நீரைச் சிறுகுடலுக்குள் விடுகிறது. நாயில் இந்தக் குழாய் மேலேயே திறக்கிறது. முயலில் வழக்கத்துக்கு மாறாக ரொம்பக் கீழே திறக்கிறது. எங்கே கணையநீர் வந்து விழுகிறதோ, சரியாக அங்கிருந்துதான் வெண்மையும் தொடங்குகிறது!

பித்தநீர்க் குழாய் முயலில் மேலேயே திறந்துவிடுகிறது. அந்தப் பித்தநீர் மட்டும் கலந்திருந்த பகுதியில் வெண்மை இல்லை. கொழுப்பு செரிப்பதற்குக் கணையநீர் வேண்டும் என்பதை இயற்கையே தனியாகப் பிரித்துக் காட்டியது போல இருந்தது.

வெண்ணெயும் கணையநீரும்

அடுத்து அவருக்கு வேண்டியது கணையநீர். நாய்களின் கணையக் குழாயில் சிறு வெள்ளிக் குழாயைப் பொருத்தி, சொட்டுச் சொட்டாக அந்த நீரைச் சேகரித்தார். அதை எண்ணெயோடும் வெண்ணெயோடும் கலந்தார். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்று சொல்வோம், இல்லையா? இங்கே ஒட்டின. பால் போல வெள்ளைக் கரைசல் ஆனது. கொஞ்ச நேரத்தில் அந்தக் கலவை அமிலமாகவும் மாறியது.

அமிலம் எங்கிருந்து வந்தது என்பதைப் புரிந்துகொள்ள இன்னொரு பிரெஞ்சுக்காரரின் வேலை கைகொடுத்தது. வேதியியலாளர் மிஷேல் யூஜின் ஷெவ்ரல், சோப்பு தயாரிப்பை ஆராய்ந்து, கொழுப்பு என்பது கொழுப்பு அமிலங்களும் கிளிசரினும் சேர்ந்த பொருள் என்று 1820-களிலேயே காட்டியிருந்தார். கணையநீர் செய்வதும் அந்தப் பிணைப்பை வெட்டுவதுதான். கொழுப்பு அமிலம் தனியாக, கிளிசரின் தனியாக. இதைச் செய்யும் நொதியை இன்று 'லிப்பேஸ்' என்கிறோம்.

கணையத்தை வேலை செய்யாமல் முடக்கினால் என்ன ஆகும் என்றும் பார்த்தார். நாய் சாப்பிட்ட கொழுப்பு செரிக்காமல் மலத்தோடு அப்படியே வெளியேறியது.

உணவு செரிப்பது என்றால் இரைப்பையில்தான் என்று பெரும்பாலோர் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. கணையநீருக்கும் எண்ணெய்க்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது என்று சிலர் முன்பே கவனித்திருந்தாலும், இவ்வளவு தெளிவாக யாரும் காட்டியதில்லை. பிரெஞ்சு அறிவியல் அகாடமி இந்த ஆய்வுக்காகப் பெர்னார்டுக்குப் பரிசு கொடுத்தது. நாடகத்தில் தோற்று, தகுதித்தேர்விலும் தோற்றவர், ஒரே ஆய்வில் ஐரோப்பா முழுக்கப் பேசப்பட்டார்.

போலீஸ் அதிகாரியின் நாய்

அந்தக் காலத்தில் ஆய்வுக்கான விலங்குகள் எங்கிருந்து வந்தன என்று கேட்டால், அதற்கு ஒரு கதையே இருக்கிறது. ஒருமுறை செரிமான நீரைச் சேகரிக்க ஒரு நாயின் வயிற்றில் வெள்ளிக் குழாய் பொருத்தியிருந்தார் பெர்னார்ட். நாய் குழாயோடு தப்பி ஓடிவிட்டது. ஓடியது எங்கே? தன் சொந்தக்காரர் வீட்டுக்கு. சொந்தக்காரர் யார்? அந்தப் பகுதியின் போலீஸ் கமிஷனர்!

பெர்னார்ட் நேரில் போய் மன்னிப்புக் கேட்டார். தெரிந்து திருடவில்லை, யாரோ கொண்டுவந்து கொடுத்த நாய் என்று விளக்கினார். குழாயை எடுத்துவிட்டு நாயைப் பத்திரமாகத் திருப்பித் தந்தார். கமிஷனரும் சமாதானமாகி, அதன் பிறகு அவருக்கு ஆதரவாகவே இருந்தார். பெர்னார்ட் பிற்காலத்தில் இதைப் பாடம் நடத்தும்போது ஒரு சுவாரசியமான சம்பவமாகச் சொன்னார்.

அந்த நாய் தப்பித்தது. தப்பிக்காதவைதான் அதிகம். மயக்க மருந்தாக ஈதர் 1846-ன் இறுதியில்தான் அறுவை சிகிச்சைக்குள் வந்தது, குளோரோஃபார்ம் அடுத்த ஆண்டு. பெர்னார்டின் ஆரம்பகால ஆய்வுகள் பலவும் உணர்வோடு இருந்த விலங்குகள் மேல் நடந்தவை. மருத்துவத்தின் எதிர்காலத்துக்காக இது தவிர்க்க முடியாதது என்று அவர் உறுதியாக நம்பினார். அந்த உறுதி கடைசி வரை தளரவில்லை.

கல்லீரலில் இன்னொரு களஞ்சியம்

கொழுப்போடு அவர் நிற்கவில்லை. 1848-ல், வெறும் இறைச்சி மட்டுமே தின்ற நாயின் கல்லீரலிலிருந்து வெளிவரும் ரத்தத்தில் சர்க்கரை இருப்பதைக் கண்டார். உணவில் சர்க்கரையே இல்லை, அப்புறம் எப்படி? கல்லீரல் தானே சர்க்கரையைத் தயாரிக்கிறது. 1857-ல் அந்தச் சர்க்கரையின் சேமிப்பு வடிவத்தையே தனியாகப் பிரித்தெடுத்தார். அதுதான் கிளைகோஜன்.

செடிகள்தான் பொருட்களை உருவாக்கும், விலங்குகள் அவற்றை எரிக்க மட்டுமே செய்யும் என்ற அன்றைய கருத்து இதனால் ஆட்டம் கண்டது. வெளியே வெயிலோ பனியோ, வயிறு நிறைந்திருக்கிறதோ காலியோ, உடலுக்குள் இருக்கும் திரவச் சூழல் மட்டும் பெரிதாக மாறாமல் காக்கப்படுகிறது என்ற அவருடைய பிரபலமான கருத்துக்கும் இது வலு சேர்த்தது. முயல் மேஜையில் தொடங்கிய யோசனையின் நீட்சிதான் இது. சாப்பிடாத நேரத்திலும் உடல் தன் கையிருப்பிலிருந்து எடுத்துச் செலவழிக்கிறது.

1854-ல் சொர்போனில் பேராசிரியர் பதவி, அதே ஆண்டில் அறிவியல் அகாடமி உறுப்பினர். 1855-ல் மஜாந்தி இறந்ததும் காலேஜ் தெ பிரான்ஸில் அவருடைய இடம். 1860-களில் உடல்நலம் கெட்டது. சொந்த ஊரில் ஓய்வில் இருந்தபோது சோதனைவழி மருத்துவம் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 1865-ல் வெளியான அதில் முயல் கதையை அவரே விரிவாகச் சொல்லியிருக்கிறார். இலக்கியத்தில் இடம் கிடைக்காதவருக்கு, அந்தப் புத்தகத்துக்குப் பின் 1868-ல் எழுத்தாளர்களின் உச்ச சபையான பிரெஞ்சு அகாடமியிலேயே நாற்காலி கிடைத்தது. அடுத்த ஆண்டு மூன்றாம் நெப்போலியன் அவரைச் செனட்டராகவும் ஆக்கினார்.

வீட்டுக்குள் விழுந்த விரிசல்

வெளியே பட்டம், பதவி. வீட்டில் நிலைமை வேறு. ஃபேனிக்கும் அவருக்கும் பிறந்த இரண்டு ஆண் குழந்தைகளும் சிறு வயதிலேயே இறந்துபோனார்கள். இரண்டு மகள்கள் இருந்தார்கள். கணவர் செய்யும் வேலையை ஃபேனியால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. தன் சீதனப் பணம், உயிரோடு அறுக்கப்படும் நாய்களுக்கும் முயல்களுக்கும் செலவாவதைப் பார்த்துக்கொண்டு வாழ்ந்த பெண் அவர். மகள்களும் அம்மா பக்கமே நின்றார்கள்.

1869-ல் இருவரும் பிரிந்தார்கள். அதன் பிறகு ஃபேனி, விலங்குகளை உயிரோடு அறுத்துச் சோதிப்பதற்கு எதிரான இயக்கத்தில் வெளிப்படையாக இறங்கினார்.

எதிர்ப்பு வீட்டிலிருந்து மட்டும் வரவில்லை. பெர்னார்டின் ஆய்வுக்கூடத்தில் நான்கு மாதம் வேலை பார்த்த ஜார்ஜ் ஹாகன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், தான் கண்டதை 1875-ல் லண்டன் நாளிதழ் ஒன்றில் கடிதமாக எழுதினார். பெர்னார்டின் பெயரைச் சொல்லவில்லை என்றாலும், அந்தக் கடிதம் பெரும் அதிர்வை உண்டாக்கியது. விலங்குச் சோதனைகளுக்கு உரிமம் கட்டாயம் என்ற சட்டத்தை 1876-ல் பிரிட்டன் கொண்டுவந்ததற்கு இதுபோன்ற குரல்களும் ஒரு காரணம். ஆய்வுக்கு முன்னால் நெறிமுறைக் குழுவின் அனுமதி, வலி தெரியாமல் மயக்க மருந்து என்று இன்று கடைப்பிடிக்கப்படும் விதிகளுக்குப் பின்னால், ஃபேனி போன்றவர்களின் கோபமும் இருக்கிறது.

1878 பிப்ரவரி 10-ம் தேதி பெர்னார்ட் பாரிஸில் இறந்தார். கடைசி நாட்களில் மாணவர்கள்தான் அவரைக் கவனித்துக்கொண்டார்கள். பிரெஞ்சு அரசு தன் செலவில் இறுதி மரியாதை செய்தது. அந்நாட்டில் ஒரு விஞ்ஞானிக்கு அப்படி ஒரு மரியாதை கிடைத்தது அதுவே முதல்முறை.

அவர் கண்டது பாதிதான்

பெர்னார்ட் சொன்னதில் ஒரு குறை இருந்தது. கொழுப்பு விஷயத்தில் கணையநீருக்கே முழுப் பெருமையையும் கொடுத்த அவர், பித்தநீரைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டார். அதைத் திருத்தியது வேறு யாருமல்ல, அவருடைய மாணவர் அல்பெர் தாஸ்த்ர்.

1880-களில் தாஸ்த்ர், குருவின் சோதனையை அப்படியே தலைகீழாகச் செய்தார். முயலில் பித்தநீர் மேலே, கணையநீர் கீழே விழுகிறது. ஒரு நாயின் பித்தநீரைத் திருப்பிவிட்டு, கணையநீர் மேலேயும் பித்தநீர் ரொம்பக் கீழேயும் விழும்படி செய்தார். இப்போது வெண்மை எங்கே தொடங்கியது? பித்தநீர் விழும் இடத்துக்குக் கீழே! ஆக, இரண்டும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும். பித்தநீர் கொழுப்பைச் சின்னச் சின்னத் துளிகளாக்கிக் கொடுக்கும், கணையத்தின் லிப்பேஸ் அதை வெட்டும். எண்ணெய்ப் பாத்திரத்தில் முதலில் சோப்பைப் போட்டுப் பிறகு தேய்ப்பது மாதிரி.

பெர்னார்ட் தவறவிட்டது இன்னொன்றும் உண்டு. கணையத்தையும் ஆராய்ந்தார், சர்க்கரையையும் ஆராய்ந்தார். ஆனால், இரண்டுக்கும் உள்ள உறவு அவர் கண்ணில் படவில்லை. 1889-ல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஆஸ்கார் மின்கோவ்ஸ்கியும் ஜோசப் ஃபான் மெரிங்கும், கொழுப்பு உறிஞ்சப்படக் கணையம் அவசியமா என்ற கேள்வியிலிருந்து தொடங்கி, ஒரு நாயின் கணையத்தை முழுவதும் எடுத்துவிட்டார்கள். நாய்க்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. அந்தப் பாதைதான் பிறகு இன்சுலின் வரை போனது.

வெட்டிய கொழுப்பு எப்படி எரிகிறது?

குடலில் கொழுப்பு உடைவது முதல் கட்டம்தான். உடைந்த துண்டுகள் குடல் சுவருக்குள் நுழைந்ததும் மறுபடியும் கொழுப்பாக ஒட்டிக்கொள்கின்றன. அந்த வெள்ளை நாளங்கள் வழியாக மேலேறி, கழுத்துக்கு அருகே ரத்தத்தில் கலக்கின்றன. தேவை இருந்தால் செலவாகும், இல்லாவிட்டால் கொழுப்பு செல்களில் சேமிப்பாகும்.

சாப்பிடாமல் இருக்கும்போது ரத்தத்தில் இன்சுலின் குறைகிறது. உடனே கொழுப்பு செல்களுக்குள் இருக்கும் லிப்பேஸ்கள் விழித்துக்கொள்கின்றன. முயல் குடலில் பெர்னார்ட் பார்த்த அதே வெட்டு, இப்போது சேமிப்பின் மேல் நடக்கிறது. கிளிசரின் கல்லீரலுக்குப் போய்ச் சர்க்கரையாக மாறும். கொழுப்பு அமிலங்கள் ரத்தத்தில் ஏறி, தசை, இதயம், கல்லீரல் என்று தேவைப்படும் இடத்துக்குப் போகும்.

அங்கே என்ன நடக்கிறது என்பதை முதலில் ஊகித்தவர் ஜெர்மானியர் ஃபிரான்ஸ் நூப். 1904-ல் அவர், எரியாத ஒரு வேதி வளையத்தைக் கொழுப்பு அமிலங்களின் வாலில் ஒட்டி நாய்களுக்குக் கொடுத்தார். மிச்சம் என்ன வருகிறது என்று எங்கே பார்த்தார் தெரியுமா? மறுபடியும் சிறுநீரில்தான்! கொழுப்பு அமிலத்தின் நீளச் சங்கிலி, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டிரண்டு கார்பன் அணுக்களாக நறுக்கப்படுகிறது என்று அதிலிருந்து கண்டுகொண்டார். இதைத்தான் 'பீட்டா ஆக்சிஜனேற்றம்' என்கிறார்கள். செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவில்தான் இது நடக்கிறது என்பதை 1940-களின் இறுதியில் அமெரிக்காவில் யூஜின் கென்னடியும் ஆல்பர்ட் லெனிங்கரும் காட்டினார்கள். நறுக்கி விழும் அந்த இரண்டு கார்பன் துண்டு 'அசிட்டைல் கோ-ஏ' என்பதை 1951-ல் மியூனிக்கில் ஃபியோடர் லைனென் கண்டறிந்தார்.

பாமாயிலில் நிறைய இருக்கும் பால்மிடிக் அமிலத்தை எடுத்துக்கொள்வோம். 16 கார்பன் சங்கிலி. ஏழு முறை வெட்டினால் எட்டுத் துண்டுகள். எல்லாம் முழுவதும் எரிந்தால், உடலின் ஆற்றல் நாணயமான ஏடிபி மூலக்கூறுகள் 106 கிடைக்கும். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு தருவது 30-லிருந்து 32 வரைதான். ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கிலோகலோரி, ஒரு கிராம் கொழுப்பில் 9 கிலோகலோரி என்று ஊட்டச்சத்து லேபிளில் போடும் கணக்கு இங்கிருந்துதான் புரியத் தொடங்கும்.

கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜன் அரைக் கிலோ அளவில்தான் இருக்கும். கொழுப்பு அப்படி இல்லை. சராசரி உடல்வாகு உள்ளவரிடமே 10 கிலோவைத் தாண்டும். அதாவது சுமார் 90,000 கிலோகலோரி. கிளைகோஜன் சட்டைப்பையில் இருக்கும் சில்லறை, கொழுப்பு வங்கியில் போட்ட டெபாசிட். பட்டினி நீண்டால், கல்லீரல் கொழுப்புத் துண்டுகளைக் கீட்டோன்களாக மாற்றி மூளைக்கும் அனுப்பும்.

சரி, எரிந்த கொழுப்பு எங்கே போகிறது? வியர்வையில் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். 10 கிலோ கொழுப்பு முழுவதும் எரிந்தால், அதில் 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடாக மூச்சுக்காற்றில் போய்விடும். மிச்சம் 1.6 கிலோ தண்ணீராகிறது.

இன்றும் மருத்துவமனையில் பெர்னார்ட்

நாள்பட்ட கணைய அழற்சி உள்ளவர்களுக்கு, சாப்பிட்ட கொழுப்பு செரிக்காமல் மலம் எண்ணெய்ப் பசையோடு போகும். பெர்னார்டின் நாய்க்கு நடந்தது அதேதான். இப்படிப்பட்டவர்களுக்கு உணவோடு கணைய நொதி மாத்திரை தரப்படுகிறது. உடல் எடையைக் குறைக்க மருத்துவர்கள் தரும் ஆர்லிஸ்டாட் என்ற மருந்து இதன் மறுபக்கம். அது லிப்பேஸைத் தடுத்து, உண்ட கொழுப்பில் சுமார் 30% உடலில் சேராமல் வெளியே அனுப்பிவிடுகிறது. பித்தப்பையை அகற்றிய பிறகும் பெரும்பாலோர் கொழுப்பைச் செரிக்க முடிகிறது என்றால், பித்தநீரைத் தயாரிப்பது கல்லீரல், பித்தப்பை அதைச் சேமிக்கும் பை மட்டுமே என்பதுதான் காரணம். தாஸ்த்ர் சேர்த்த திருத்தம் இங்கே உதவுகிறது.

இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு, காலை எட்டு மணிக்கு இட்லி தட்டின் முன் உட்காரும் ஒருவர், அதற்குள் தன் உடலின் கொழுப்பில் கொஞ்சத்தை எரித்து முடித்திருப்பார். எந்த ஆப்பும் இல்லாமல், தினமும் நடக்கிற காரியம் இது. மேஜை மேல் நனைந்த இடத்தைத் துடைக்காமல் குனிந்து பார்த்த ஒருவரால் அந்தக் காரியம் நமக்குப் புரியத் தொடங்கியது. அதற்கான செலவில் ஒரு பங்கு, அந்த அறைக்குள் நடந்ததை மன்னிக்கவே முடியாத ஒரு பெண்ணின் சீதனத்திலிருந்து போனது.